மேட்டு லயம், பணிய லயம்: ஊவாத் தோட்டத்துப் பிள்ளைகளும் ஆங்கில முன்னிடைச்சொற்களும்

தரம் நான்கில் படிக்கும் தமிழ்ப் பிள்ளையின் ஆங்கிலக் கொப்பியில் அடிக்கடி சிவப்பு மை விழும் வாக்கியம் ஒன்று உண்டு: 'த பிக்சர் இஸ் இன் த வோல்.' படம் சுவரில் இருக்கிறது என்று சொல்ல நினைத்து எழுதியது. ஆசிரியர் 'இன்' என்பதை வெட்டி 'ஒன்' என்று மேலே எழுதுவார். பிள்ளையும் ஐந்து தரம் திருத்தி எழுதும். ஒரு வாரம் கழித்துச் சுவரில் பல்லி இருக்கிறது என்று எழுதச் சொன்னால் மறுபடியும் 'இன்' வந்து நிற்கும்.

பதுளையைச் சுற்றியுள்ள தோட்டப் பாடசாலைகளில், பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹல்துமுல்லை எங்கே போனாலும், இந்தப் பிழைக்கு இரண்டு விளக்கங்கள்தான் கிடைக்கும். ஒன்று, பிள்ளைக்குக் கவனம் போதாது. இன்னொன்று, தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வராது. இரண்டுமே தவறு, இரண்டாவது கொடுமையும்கூட. அந்த 'இன்' கவனக்குறைவால் வந்ததல்ல. பிள்ளை தன் தாய்மொழியின் இலக்கணத்தைப் பிசகாமல் பின்பற்றியதால் வந்தது. எந்தப் படியில் நின்று பிள்ளை அந்தச் சொல்லை எடுத்தது என்று தெரிந்தால், அடுத்த படிக்குக் கூட்டிப்போவதும் எளிது.

அதற்கு முன், இந்தப் பிள்ளைகளிடம் ஆங்கிலம் எவ்வளவு தாமதமாக வந்து சேர்ந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். தோட்டத்தில் ஆங்கிலம் எப்போதும் இருந்தது. துரை பங்களாவிலும் ஒபீசிலும் செக்ரோல் என்ற வருகைப் பதிவுப் புத்தகத்திலும் இருந்தது. லயம் (வரிசை வீடுகள்), பெரட்டு (காலை ஆள்கணக்கு), ஸ்டோர் என்று தொழிலாளியின் வாய்க்கும் அது வந்துவிட்டது. வகுப்பறைக்குள் மட்டும் வரவில்லை. அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் நாட்டுக்குக் கிடைத்தபோதும் தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே இருந்தன. ஒரே அறை, பெரும்பாலும் ஒரே ஆசிரியர், கொஞ்சம் தமிழ், கொஞ்சம் கணக்கு, ஐந்தாம் வகுப்போடு முடிவு. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசிடம் வந்த பிறகு, 1977 முதல்தான் பாடசாலைகளை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது. 1987ஆம் ஆண்டின் அரசியலமைப்புக்கான 13ஆவது திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. 1990களின் இறுதியில் வந்த கல்விச் சீர்திருத்தத்தோடு தரம் ஒன்றிலும் இரண்டிலும் செயற்பாட்டு முறையில் வாய்மொழி ஆங்கிலமும், தரம் மூன்றிலிருந்து முறையான பாடமும் என்று ஒழுங்கு வந்தது. ஆக, ஆங்கிலப் பாடத்தில் வீட்டில் கைகொடுக்க ஆள் இருக்கும் தலைமுறை தோட்டத்தில் இப்போதுதான் உருவாகிறது. தரம் நான்குப் பிள்ளையின் கொப்பியைத் திருத்தும்போது இதை மறக்கக் கூடாது.

இனி அந்த 'இன்'னுக்கு வருவோம்.

தமிழில் இடத்தைக் காட்டும் வேலையைப் பெயரின் கடைசியில் ஒட்டும் உருபு செய்கிறது. பெட்டியில் பென்சில், சுவரில் படம், வாசலில் நாய், மரத்தில் குருவி, விரலில் மோதிரம். பேச்சில் எல்லாம் ஒரே 'ல': பெட்டில, சுவத்துல, வாசல்ல. ஆங்கிலம் இந்த ஒரே 'இல்'லை மூன்றாகப் பிளக்கிறது. உள்ளே அடங்கினால் 'இன்', மேற்பரப்பில் பட்டால் 'ஒன்', ஒரு புள்ளியாக மட்டும் இடத்தை நினைத்தால் 'அட்'. தமிழ்ப் பிள்ளைக்கு மட்டும் உள்ள சிக்கல் அல்ல இது. ஸ்பானிய மொழியிலும் 'என்' என்ற ஒரே சொல் பெட்டிக்கும் சுவருக்கும் பொதுவாக வரும். அவர்களும் ஆங்கிலம் படிக்கும்போது இதே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். கொரிய மொழி இதை வேறு விதமாகவே வெட்டுகிறது. மெலிசா போவர்மேனும் சூன்ஜா சோயும் 1991இல் வெளியிட்ட ஆய்வு இதை நன்றாகக் காட்டியது. விரலில் மோதிரத்தையும் உறையில் கத்தியையும் கொரியர்கள் ஒரே வினையால் சொல்கிறார்கள், இரண்டுமே இறுக்கமாகப் பொருந்துவதால். ஆங்கிலத்தில் முன்னது 'ஒன்', பின்னது 'இன்'. கொரியக் குழந்தைகள் இரண்டு வயதுக்குள்ளேயே கொரிய வெட்டிலும், ஆங்கிலக் குழந்தைகள் ஆங்கில வெட்டிலும் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். உலகத்தைப் பிரிக்க இயற்கையான ஒரே வழி என்று எதுவும் இல்லை. 'ஒன் த வோல்' என்பது ஓர் ஊர்வழக்கம், அதைப் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டும். சொல்லாமலே தெரிந்திருக்க வேண்டியது அல்ல அது.

சொல்லித்தரும் வழி தமிழுக்குள்ளேயே இருக்கிறது. 'ல' வரும் இடத்தில் 'க்குள்ள' போட்டுப் பார்க்கச் சொல்லலாம். பெட்டில பென்சில், பெட்டிக்குள்ள பென்சில்: இரண்டும் ஒன்றுதான், எனவே 'இன்'. சுவத்துல பல்லி என்பதைச் சுவத்துக்குள்ள பல்லி என்று மாற்றினால் வகுப்பே சிரிக்கும், ஏனென்றால் பல்லி செங்கலுக்குள் போய்விட்டது. அங்கே 'ஒன்'. பஸ் ஹோல்ட்ல நிக்கிறேன் என்பதில் உள்ளும் இல்லை, பரப்பும் இல்லை, இடம் மட்டும்தான். அங்கே 'அட்'. விதியை ஆசிரியர் எழுதிப்போட வேண்டியதே இல்லை. பிள்ளைக்கு ஏற்கெனவே காதில் பழகிய தமிழ் அதைத் தீர்ப்புச் சொல்லிவிடும்.

இது எல்லா இடத்திலும் பலிக்காது என்பதையும் ஒளிக்கக் கூடாது. பஸ்ஸுக்குள்ளதான் இருக்கிறோம், ஆனாலும் 'ஒன் த பஸ்'. ரயிலுக்கும் அப்படியே. காருக்கும் த்ரீவீலுக்கும் 'இன்'. எழுந்து நின்று நடக்க இடமுள்ள வாகனம் என்றால் 'ஒன்', குனிந்து ஏறி உட்கார்ந்தே போக வேண்டியது என்றால் 'இன்' என்று ஆசிரியர்கள் சொல்லிக்கொடுப்பது உண்டு. பதுளை–பசறை பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போகும் பிள்ளைக்கு அது உடனே பிடிபடும். மரத்தில் குருவி 'இன் த ட்ரீ', மரத்தில் பழம் 'ஒன் த ட்ரீ' என்பதையெல்லாம் தரம் ஐந்துக்குள் திணிக்கத் தேவையில்லை.

'மேல்' என்ற சொல்லில் இன்னும் அழகான ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் பட்டுக்கொண்டு மேலே இருப்பது 'ஒன்', படாமல் உயரத்தில் இருப்பது 'அபவ்'. தமிழில் இரண்டுக்கும் 'மேல' என்ற ஒரே சொல்தானே, பிள்ளை எப்படிப் பிரித்தறியும் என்று ஆசிரியர்கள் கவலைப்படுவார்கள். கவலை வேண்டாம். தமிழ் அந்த வேற்றுமையை வேறோர் இடத்தில் வைத்திருக்கிறது. 'மேசை மேல லாம்பு' என்றால் லாம்பு மேசையில் படுகிறது. 'மேசைக்கு மேல லாம்பு' என்றால் அது கூரையிலிருந்து தொங்குகிறது. நடுவில் வந்த 'க்கு'தான் இடைவெளியைக் காட்டுகிறது. ஐந்து வயதுப் பிள்ளைகூட இதை மாற்றிச் சொல்லாது. 'க்கு மேல' என்றால் 'அபவ்', வெறும் 'மேல' என்றால் 'ஒன்' என்று ஒரு பாடவேளையில் முடிக்கலாம். இந்தக் கண்ணியைத் தொட்டுக் காட்டும் பாடநூல் ஒன்று வந்தால் தமிழ்மொழிப் பாடசாலைகளுக்கு அது பெரிய உதவி. எங்கள் பிள்ளைகளுக்கும் சிங்களப் பிள்ளைகளுக்கும் பொதுவாக எழுதப்படும் ஆங்கில நூலில் தமிழின் இந்த நுட்பத்துக்கு இடம் கிடைப்பது கடினம். அதனால் ஆசிரியர் கைந்நூலிலாவது அது இருக்க வேண்டும்.

தமிழில் இடச்சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஏழாம் வேற்றுமைக்கு நன்னூல் 28 உருபுகளைச் சொல்கிறது. கண், கால், தலை, வாய் என்று உடலின் உறுப்புகளே அதில் இடங்காட்டிகளாக நிற்கின்றன. அந்தச் செல்வத்தில் பாதி வழக்கொழிந்தாலும், மலையில் பிறந்த பிள்ளை தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டதும் உண்டு.

தோட்டத்தில் சமதரை அபூர்வம். தோட்டம் பிரிக்கப்பட்டிருப்பதே மேற்கணக்கு, கீழ்க்கணக்கு என்று. பணிய (கீழ்) லயம், மேட்டு லயம், மேல் ரோட்டு, பணிய ரோட்டு, பீலிக்கு மேல, ஸ்டோருக்குப் பணிய. கடை எங்கே என்று லயத்துப் பிள்ளையிடம் கேட்டால் இடம், வலம் என்று சொல்வதைவிட, பணிய இறங்கிப் போங்க, கோயிலுக்கு மேலால திரும்புங்க என்றுதான் சொல்லும். இப்படிச் சரிவை வைத்தே திசை சொல்லும் மக்கள் உலகில் வேறிடங்களிலும் இருக்கிறார்கள். மெக்சிக்கோவின் சியாப்பாஸ் மலைகளில் வாழும் செல்தால் மக்களின் மொழியைப் பெனலப்பி பிரவுனும் ஸ்டீவன் லெவின்சனும் ஆராய்ந்து 1993இல் எழுதினார்கள். மேசையில் இரண்டு போத்தல்கள் இருந்தாலும் ஒன்று மற்றதற்கு 'மலைப்பக்கம்' இருக்கிறது, 'பள்ளப்பக்கம்' இருக்கிறது என்று அவர்கள் சொல்கிறார்கள். அதே காலத்தில் எரிக் பெடர்சன் தமிழ்நாட்டில் செய்த ஆய்வில், கிராமத்தார் சிலர் கைக்கெட்டும் பொருள்களைக்கூட வடக்கே, தெற்கே என்று சொல்வதையும், நகரத்தார் இடது, வலது என்பதையும் கண்டார். ஊவாவின் லயங்களில் இத்தகைய ஆய்வு செய்யத் தக்க களம் விரிந்து கிடக்கிறது. ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் பதுளை நகரிலேயே இருக்கிறது.

இதனால் வகுப்பறைக்கு என்ன பயன்? 'அபவ்', 'பிலோ', 'அப்', 'டவுன்' ஆகிய நான்கும் பாடநூலில் கடைசியில் வருவது வழக்கம். பெட்டியும் பந்தும் பூனையும்தான் முதலில் வரும். தோட்டத்துப் பிள்ளைக்கு இந்த வரிசை தலைகீழாக இருக்கலாம். பணிய லயம் 'பிலோ த ரோட்'. மேட்டு லயம் 'அபவ் த ரோட்'. அம்மா மலைக்கு ஏறிப் போகிறார், 'அப் த ஹில்'. வீடு, வழி, தாய் மூன்றையும் வைத்தே முதல் பாடம் நடத்தலாம், படத்தாளுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. 'மேலே என்ன இருக்கிறது' என்ற கேள்வி இந்தப் பிள்ளைகளுக்கு வெறும் பயிற்சிக் கேள்வியும் அல்ல. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. லயத்துக்கு மேல் எந்தச் சரிவு, எந்தப் பாறை என்று அறிந்தே இங்கே பிள்ளைகள் வளர்கிறார்கள். இடத்தைப் பற்றிய இத்தனை கூர்மையோடு வகுப்புக்கு வரும் பிள்ளையைப் பார்த்து 'இதுக்கு மேல, கீழ தெரியாது' என்று சொல்லும் ஆசிரியர் எதையோ பார்க்கத் தவறிவிட்டார்.

இருக்கும் பொருளை விட்டு நகரும் பொருளுக்கு வந்தால் சிக்கல் கூடுகிறது. தமிழில் நகர்ச்சியின் வழி வினைக்குள்ளேயே அடங்கிவிடும். ஏறினான், இறங்கினான், நுழைந்தான், கடந்தான், சுற்றினான். ஆங்கிலம் பெரும்பாலும் 'கோ', 'கெட்', 'கம்' போன்ற பொதுவான வினையை வைத்துக்கொண்டு வழியை முன்னிடைச்சொல்லிடம் ஒப்படைக்கிறது: 'கெட் ஒன்', 'கெட் ஒஃப்', 'கோ இன்டு', 'கோ அக்ரோஸ்', 'கோ அரவுண்ட்'. மொழியியலாளர் லெனர்ட் டால்மி 1985இல் இந்த வேறுபாட்டை வைத்தே உலக மொழிகளை வகைப்படுத்தினார். 'ஏறினான்' என்பதற்கு ஒற்றை ஆங்கில வினையைத் தேடும் பிள்ளை அகராதியில் 'கிளைம்ப்' என்பதைக் கண்டு, 'ஹி கிளைம்ப்ட் த பஸ்' என்று எழுதும். பஸ்ஸின் கூரைமேல் ஏறியதாக ஆங்கிலக் காதுக்குக் கேட்கும். பிழை முன்னிடைச்சொல்லில் தெரிந்தாலும் வேர் வினையில் இருக்கிறது.

இதைக் கற்பிக்க இந்த மாகாணத்தைவிட நல்ல இடம் இல்லை. பதுளைக்கு ரயில் பாதை 1924இல் வந்து சேர்ந்தது. எல்ல ஸ்டேஷனைத் தாண்டித் தெமோதரைக்கு வரும்போது பாதை ஒன்பது வளைவுப் பாலத்தின்மேல் போகிறது. உருக்குச் சட்டமே இல்லாமல் கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் கட்டிய பாலம் அது. தெமோதரையில் நடப்பது இன்னும் விந்தை. ஸ்டேஷனை விட்டுப் புறப்படும் பாதை மலையைச் சுற்றி இறங்கி வந்து, அதே ஸ்டேஷனுக்கு நேர் கீழே சுரங்கத்துக்குள் நுழைந்து போகிறது. சுற்றுப்பயணிகள் படம் எடுக்க வருவார்கள். எனக்கு அது தரம் ஐந்துக்கான ஒரு முழுப் பாடமாகத் தெரிகிறது. ரயில் பாலத்தை 'அக்ரோஸ்' போகிறது. பாலத்துக்குக் கீழே நிற்கும் பிள்ளை 'அண்டர் த பிரிட்ஜ்'. ரயில் மலையை 'அரவுண்ட்' வருகிறது, சுரங்கத்தை 'த்ரூ' போகிறது, ஸ்டேஷனுக்கு 'அண்டர்' போகிறது, மறுபக்கம் 'அவுட் ஒஃப்' வருகிறது. தரையில் சோக்கால் பாதையை வரைந்து, இரண்டு மேசைகளைச் சேர்த்து ஸ்டேஷனாக்கி, அவற்றின் அடியால் பிள்ளைகளைத் தவழ்ந்துபோக விட்டு, ஒவ்வொரு அடியிலும் வாக்கியத்தைச் சொல்ல வைக்கலாம். 'உள்ளால போறது', 'அடியால போறது' என்று இலங்கைத் தமிழ் 'ஆல்' சேர்த்துச் சொல்லும் வழக்கம் இங்கே பெரிய துணை. 'உள்ள இருக்கு' என்பது 'இன்', 'உள்ளால போகுது' என்பது 'த்ரூ'.

வரிசையைப் பற்றி ஒரு சொல். ஆங்கிலத்தில் இடச்சொல் பெயருக்கு முன்னால், தமிழில் பின்னால் என்று எல்லோரும் சொல்வதுதான். அதன் விளைவு நினைப்பதைவிட ஆழமானது. டான் ஸ்லோபின் 1973இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், அன்றைய யூகோஸ்லாவியாவில் ஹங்கேரிய மொழியும் செர்போ-குரோவாசிய மொழியும் சேர்த்துப் பேசி வளர்ந்த குழந்தைகளை எடுத்துக்காட்டினார். இடத்தைப் பெயரின் கடைசியில் ஒட்டிச் சொல்லும் ஹங்கேரிய மொழியில் அவர்கள் இரண்டு வயதுக்கு முன்பே சரியாகச் சொன்னார்கள். முன்னிடைச்சொல் வேண்டிய மற்ற மொழியில் அதே பொருளைச் சொல்லப் பிந்தினார்கள். சொல்லின் கடைசியைக் கவனிப்பது குழந்தையின் இயல்பு என்பது அவர் முடிவு. தமிழும் ஹங்கேரிய மொழியைப் போலக் கடைசியில் ஒட்டும் மொழி. பேச்சு ஆங்கிலத்திலோ 'இன்', 'ஒன்', 'அட்' எல்லாம் அழுத்தமில்லாமல் முணுமுணுப்பாகக் கடந்துபோகும். கடைசியைக் கேட்டுப் பழகிய காதுக்கு அவை விழாமலே போகும். ஆரம்ப வகுப்பில் ஆசிரியர் இந்தச் சிறு சொற்களை வேண்டுமென்றே உரத்தும் நிறுத்தியும் சொல்ல வேண்டும், கையாலும் காட்ட வேண்டும்.

பதுளைப் பிள்ளைக்குச் சிங்களமும் காதில் விழுகிறது. அங்கேயும் 'மேசே உட' என்று இடச்சொல் பின்னால்தான். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்துவரும் சிங்களப் பிள்ளையின் கொப்பியிலும் இதே இடங்களில் சிவப்பு மை இருக்கும். தோட்டத்தையும் கிராமத்தையும் சேர்த்து ஆசிரியர் பயிற்சி நடத்த இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

'க்கு' என்ற உருபு 'இல்'லைவிட அலைக்கழிக்கும். கடைக்குப் போனேன் என்றால் 'டு'. தம்பிக்கு வாங்கினேன் என்றால் 'ஃபோர்'. ஏழு மணிக்கு என்றால் 'அட்'. தம்பிக்குக் காய்ச்சல் என்றால் முன்னிடைச்சொல்லே வேண்டாம், 'மை பிரதர் ஹேஸ் ஃபீவர்'. இன்னொரு பக்கம், பேச்சில் 'பதுளை போறேன்', 'ஸ்கூல் போறேன்' என்று உருபே இல்லாமல் சொல்கிறோம். அதனால் 'ஐ கோ ஸ்கூல்' வருகிறது. ஆனால் 'ஐ கோ ஹோம்' சரிதான். நேரத்தைச் சொல்வதிலும் அப்படி. காலையில் என்பது 'இன் த மோர்னிங்', தமிழோடு ஒத்துப்போகிறது. இரவில் என்பது 'அட் நைட்', ஒத்துப்போகவில்லை. திங்கட்கிழமை என்று உருபில்லாமல் சொல்வதற்கு அங்கே 'ஒன்' வேண்டும். ஒத்துப்போவதை முதலில் கொடுத்து நம்பிக்கை வளர்த்து, ஒவ்வாததை ஒவ்வொன்றாகப் பிறகு கொடுப்பதே முறை. பட்டியலாக ஒரே நாளில் கொடுத்தால் எல்லாம் குழம்பும்.

முன், பின் சொற்களிலும் வரிசை முக்கியம். ஜூடித் ஜோன்ஸ்டனும் ஸ்லோபினும் ஆங்கிலம், இத்தாலியம், செர்போ-குரோவாசியம், துருக்கியம் ஆகிய நான்கு மொழிக் குழந்தைகளை ஆராய்ந்து 1979இல் வெளியிட்டார்கள். உள், மேல், அடி, பக்கம் என்பவை முதலில் வருகின்றன, நடு என்பது பிறகு. முன், பின் என்பவை முகமுள்ள பொருள்களோடு முதலிலும், மரம்போல முகமில்லாத பொருள்களோடு கடைசியிலும் வருகின்றன. லயத்துக்கு இஸ்தோப்பு (முன்விறாந்தை) இருக்கிறது, பஸ்ஸுக்கு முகப்பு இருக்கிறது. 'இன் ஃப்ரண்ட் ஒஃப்', 'பிஹைண்ட்' இரண்டையும் அவற்றோடு தொடங்கலாம். மரத்துக்குப் பின்னால் பூனை என்பது பார்ப்பவர் நிற்கும் இடத்தைப் பொறுத்து மாறும். படத்தில் அதைக் கேட்டு, சொல்லவில்லை என்று புள்ளியைக் குறைப்பது நியாயமல்ல.

இத்தனைக்கும் குறுக்கே நிற்பது ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை. தோட்டத்திலிருந்து நகரப் பாடசாலைக்குப் போக ஏழைப் பிள்ளைக்கு இருக்கும் முக்கியமான வழி அது என்பதால் பெற்றோரின் பதற்றம் புரிகிறது. அந்தப் பதற்றம் டியூஷன் வகுப்பில் 'படம் பார், கோட்டை நிரப்பு' என்ற பயிற்சியாகச் சுருங்கிவிடுகிறது. கோட்டை நிரப்பத் தெரிந்த பிள்ளை, தன் வீடு எங்கே என்று ஒரு வெளியூராருக்கு ஆங்கிலத்தில் சொல்லத் தெரியாமல் நிற்கும். வலய ஆசிரிய ஆலோசகர்கள் நினைத்தால், தவணைப் பரீட்சையில் கோடிட்ட இடங்களைப் பாதியாகக் குறைத்து, மீதிப் புள்ளிக்கு ஒவ்வொரு பிள்ளையும் லயத்திலிருந்து பாடசாலைக்கு வரும் வழியை வாயால் சொல்ல வேண்டும் என்று வைக்கலாம். ஐந்து வாக்கியம் போதும். மேட்டு லயத்துப் பிள்ளை 'டவுன்' என்று தொடங்கும், பணிய லயத்துப் பிள்ளை 'அப்' என்று தொடங்கும், ஒருவரைப் பார்த்து ஒருவர் சொல்லவும் முடியாது.